பள்ளி திறக்க ஏழு நாள் இருக்கிறது: இந்தக் கடைசி வாரத்தை எப்படிக் கழிக்கிறீர்கள்?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இன்றிலிருந்து எண்ணினால் எட்டாம் நாள் காலையில் எனக்குப் பள்ளி திறக்கிறது. 19 ஆண்டுகளாக உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தி வருகிறேன். அந்த 19 ஆண்டுகளில் விடுமுறையின் இந்தக் கடைசி வாரத்தை ஒரு தடவைகூட ஒழுங்காக அனுபவித்ததில்லை என்பது நேற்று மாலைதான் எனக்கு உறைத்தது. விடுமுறையின் முதல் வாரம், விடைத்தாள் திருத்திய களைப்பைத் தூங்கித் தீர்ப்பதிலேயே போய்விடும். நடுவில் உள்ள நாட்கள் தள்ளிப்போட்ட வீட்டு வேலைகளுக்கும் உறவினர்களுக்கும் உரியவை. எஞ்சும் இந்த ஏழு நாளில் கதைப்புத்தகத்தைக் கையில் எடுத்தால், பாடக்குறிப்பு எழுதவில்லையே என்று மனம் இடிக்கிறது. பாடக்குறிப்பை எடுத்தால், இன்னும் விடுமுறைதானே என்று கை ஓட மறுக்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த நிலைதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இதற்கு ஒரு முடிவு கட்டுவதாக நினைத்துக்கொண்டு, கடைசி வாரம் முழுவதையும் வேலைக்கே எழுதிக்கொடுத்தேன். முதல் பருவத்தின் பாடங்கள் அத்தனைக்கும் குறிப்பு எழுதினேன். படங்களை வரைந்து வைத்தேன். தேர்வு வினாக்களைக்கூடத் தயார் செய்துவிட்டேன். பள்ளி திறந்த மூன்றாம் நாள் கால அட்டவணை மாறியது. எனக்கு ஒதுக்கியிருந்த இரண்டு வகுப்புகள் வேறொருவருக்குப் போயின; நான் அதுவரை தொட்டிராத ஒரு வகுப்பு என் தலையில் விழுந்தது. அந்தக் குறிப்புக் கட்டு இன்னும் அலமாரியின் மேல்தட்டில், கட்டிய கயிறு அவிழாமல் இருக்கிறது.

ஆகவே இந்த ஆண்டு துணிந்து ஒரு முடிவெடுத்திருக்கிறேன். இந்த வாரத்தைச் சோம்பலாகவே கழிக்கப்போகிறேன். மதியம் படுப்பேன், படிப்பேன், மாலையில் கால்போன போக்கில் நடப்பேன். ஆனால் விடுமுறை தொடங்கிய அன்று மூலையில் வைத்த பள்ளிப்பை வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதன் ஜிப்பைக்கூட நான் இன்னும் திறக்கவில்லை. அறையைக் கடக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது. நான் செய்வது சரியா, பொறுப்பின்மையா? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

கணக்குவழக்கு

வணக்கம் அம்மா. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அறிவியலில் ஒரு பாடம் மறந்தால் அடுத்த பாடத்தைப் புதிதாகத் தொடங்கிவிடலாம். கணக்கில் அது நடக்காது. பின்னத்தை மறந்த மாணவனுக்கு இயற்கணிதத்தை எப்படி நடத்துவது? ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 1996இல் அமெரிக்க மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீண்ட விடுமுறையில் ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பு கழன்றுபோவதாகவும், வாசிப்பைக் காட்டிலும் கணக்கில்தான் இழப்பு அதிகம் என்றும் கண்டார்கள். எந்த ஆய்வும் இல்லாமலேயே என் வகுப்பின் முதல் நாளன்று அதை நான் பார்த்துவிடுவேன். சென்ற ஆண்டு முதல் பாடவேளையில், இரண்டு பின்னங்களைக் கூட்டச் சொன்னேன். மேலே இருந்த எண்களைத் தனியாகவும் கீழே இருந்த எண்களைத் தனியாகவும் கூட்டி, மூன்றில் ஒரு பகுதியானவர்கள் மிகுந்த தன்னம்பிக்கையோடு விடை எழுதியிருந்தார்கள்.

எனவே என் கடைசி வாரம் மீள்பார்வை வினாக்கள் தயாரிப்பதற்கானது. நாளொன்றுக்கு இருபது வினா வீதம், ஒவ்வொன்றும் எந்தப் பழைய பாடத்தைத் தட்டியெழுப்புகிறது என்ற குறிப்போடு எழுதுவேன். மாணவன் மறந்துவிட்டு வரும்போது ஆசிரியரும் மறந்துவிட்டு வந்தால் வகுப்பை யார் நடத்துவது?

மணியோசை

கணக்குவழக்கு சார் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கூப்பர் சொன்ன அளவைப் பிற்கால ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மறதி என்றாலே எல்லாரும் ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸிடம் போவோம், நானும் போகிறேன். அவர் 1885இல் வெளியிட்ட நூலில், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, தானே மறுபடியும் படித்துப் பார்த்த கணக்கு இருக்கிறது. ஒரு நாள் கழித்து அவர் மறுபடி படித்தபோது, முதலில் ஆன நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமானது. ஆறாம் நாளில் ஏறத்தாழ 25 விழுக்காடு. 31ஆம் நாளில் ஏறத்தாழ 21 விழுக்காடு. அதாவது மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதன்பின் வளைகோடு படுத்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் அளந்தது மறந்ததை அன்று. மறுபடி படிக்கும்போது மிச்சமாகும் நேரத்தை. உங்கள் மாணவர்கள் பின்னத்தை இரண்டாம் முறை கற்கும்போது முதல் முறை ஆன அத்தனை நாள் ஆகாது. அதற்கு முதல் வாரத்திற்கான வினாத்தாள் ஒன்று போதும். ஏழு நாள் உழைப்பு தேவையில்லை.

இனி கரும்பலகை அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். சபீன் சோனென்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2007இல், வேலைக் களைப்பிலிருந்து மீள்வதற்கு உதவும் அனுபவங்களை நான்காகப் பிரித்தார்கள்: வேலையிலிருந்து மனம் விலகியிருத்தல், தளர்ந்திருத்தல், வேலைக்குத் தொடர்பில்லாத ஏதேனும் ஒன்றில் தேர்ச்சி பெறுதல், நேரம் தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு. உங்களுக்குத் தளர்ச்சி கிடைத்திருக்கிறது. மனம் விலகவில்லை; ஏனென்றால் பை கண்ணெதிரே இருக்கிறது. அதை முதலில் வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். இது விளையாட்டுப் பேச்சு இல்லை.

விடுமுறையின் நன்மை எத்தனை நாள் நிற்கும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். யெசிகா டி ப்ளூமும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஒரு நெதர்லாந்து ஆய்வில், நீண்ட விடுமுறையில் உடல்நலமும் மனநலமும் எட்டாம் நாள் வாக்கில் உச்சத்தை எட்டின. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திற்குள்ளேயே பழைய நிலைக்கு இறங்கின. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் எதற்கு ஓய்வு என்று கேட்பவர்கள் உண்டு. நாளை மறுபடி பசிக்கும் என்பதற்காக இன்று சாப்பிடாமல் இருப்பதில்லையே.

பொறுப்பின்மையா என்று கேட்டீர்கள். ஆசிரியர்களுக்கு முழு ஊதியத்துடன் போதுமான ஆண்டு விடுமுறை உரிமை என்று யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய பரிந்துரை சொல்கிறது. அது ஏற்கப்பட்ட நாள் 1966 அக்டோபர் 5. உலக ஆசிரியர் நாள் அந்தத் தேதியில் வருவதற்குக் காரணமும் அதுதான். உரிமையை அனுபவிப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

முதல்வகுப்பு

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதுதான் முதல் ஆண்டு. நீங்கள் எல்லாரும் நிம்மதியாக இருப்பதா வேலை செய்வதா என்று விவாதிக்கிறீர்கள். எனக்கு இரண்டுமே முடியவில்லை. நேற்று இரவும் அதே கனவு வந்தது. வகுப்புக்குள் நுழைகிறேன், பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள், என்ன பாடம் என்பதே எனக்குத் தெரியவில்லை. பலகையில் எழுதத் திரும்பினால் கையில் சாக்பீஸ் இல்லை. முதல் மாதத்துப் பாடக்குறிப்புகளை மூன்று தடவை எழுதி மூன்று தடவை கிழித்துவிட்டேன். எது போதும் என்பதே எனக்குத் தெரியவில்லை.

பழைய மணி

அம்மா, அந்தக் கனவு உனக்கு மட்டும் வருவதில்லை. நான் ஓய்வு பெற்று ஆறு ஆண்டு ஆகிறது. எனக்கு இன்னும் வருகிறது. என் கனவில் வகுப்பறையே கிடைக்காது, படிக்கட்டு ஏறிக்கொண்டே இருப்பேன். ஆகவே அதை உன் தகுதியின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதே.

எது போதும் என்ற கேள்விதான் இந்த இழையில் கேட்கப்பட்டவற்றுள் சரியான கேள்வி. நார்த்கோட் பார்க்கின்சன் 1955இல் தி எகனாமிஸ்ட் இதழில் எழுதிய கட்டுரையை நீ கேள்விப்பட்டிருக்கலாம்: கையில் இருக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை விரிந்துகொண்டே போகும் என்றார். வேறு வேலை இல்லாத ஒரு மூதாட்டி, தன் உடன்பிறந்தார் மகளுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி அனுப்புவதிலேயே ஒரு நாள் முழுவதையும் கழித்துவிட முடியும் என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. கடைசி வாரத்துப் பாடக்குறிப்பு அந்த அஞ்சலட்டைதான். ஏழு நாள் கொடுத்தால் ஏழு நாளையும் தின்னும். ஒரு முற்பகல் கொடுத்தால் ஒரு முற்பகலில் முடியும். மூன்று தடவை கிழித்தாய் என்றாயே, நான்காவது முறை எழுதும்போது கடிகாரத்தைப் பார்த்து இரண்டு மணி நேரம் எழுதிவிட்டு நிறுத்து.

நீ தயார் செய்ய வேண்டியது முதல் மாதத்தை அன்று, முதல் நாளை. அதிலும் பாடத்தைவிட நடைமுறையை. பிள்ளைகள் எப்படி உள்ளே வருவார்கள், எங்கே உட்காருவார்கள், தண்ணீர் குடிக்க வெளியே போக வேண்டுமானால் என்ன செய்வார்கள், குறிப்பேடுகளை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குக் கைமாற்றிக் கொடுப்பார்கள் என்பதையெல்லாம் நீ ஒரு தாளில் எழுதிவிட்டால், மிச்சத்தை அவர்களே உனக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். முடிந்தால் ஒரு நாள் பள்ளிக்குப் போய், ஆளில்லாத வகுப்பில் பலகையில் நான்கு வரி எழுதிவிட்டுக் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்து பார். உன் எழுத்து எவ்வளவு சிறியது என்பதும், சன்னல் வெளிச்சம் பலகையின் எந்தப் பாதியை மறைக்கிறது என்பதும் அங்கிருந்துதான் தெரியும். நான் இதைக் கற்றுக்கொள்ள பதினோரு ஆண்டு ஆயிற்று. அதுவரை இடது ஓரத்தில் எழுதிய எதையும் பின்வரிசை பார்த்ததே இல்லை. கண்ணாடி போடாத ஒரு சிறுவன் சொல்லித்தான் தெரிந்தது.

ஓய்வு ஏன் வேண்டும் என்பதற்கு நான் மனநலத்தைக் காரணம் காட்ட மாட்டேன், தொழிலையே காட்டுவேன். ஜேக்கப் கூனின் என்பவர் ஏராளமான வகுப்பறைகளைப் படம்பிடித்துப் பார்த்து 1970இல் எழுதினார். நன்றாக நடக்கும் வகுப்பின் ஆசிரியரும் கலைந்துபோகும் வகுப்பின் ஆசிரியரும், தவறு நடந்த பிறகு அதட்டும் முறையில் பெரிதாக வேறுபடவில்லை. தவறு நடக்கும் முன்பே கவனிப்பதில்தான் வேறுபட்டார்கள். முதுகிலும் கண் இருக்கிற ஆசிரியர் என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதுவேதான். களைத்துப்போனவருக்கு முகத்தில் உள்ள கண்ணே சரியாக வேலை செய்வதில்லை, முதுகுக் கண்ணுக்கு எங்கே போவது? கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகள் நீளமான விடை சொன்னார்கள், வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். அவசரத்தில் வந்து நிற்பவரால் அந்த மூன்று விநாடி மௌனத்தைத் தாங்க முடியாது. கரும்பலகை அம்மா மாலையில் கால்போன போக்கில் நடப்பதாகச் சொன்னாரே, அந்த நடை இந்த மூன்று விநாடிக்கான பயிற்சி என்றே நான் நினைக்கிறேன்.

கணக்குவழக்கு

ஐயா, மூன்று விநாடி வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. இருபது வினாவைப் பத்தாகக் குறைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் இறங்க மாட்டேன்.

கீழ்ச்சுதி

ஒருவரும் தொடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தொண்டை. நான் மொழிப்பாடம் நடத்துகிறேன். நாளொன்றுக்கு ஐந்து பாடவேளை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பள்ளி திறந்த நான்காம் நாளில் என் குரல் அடியோடு போய்விட்டது. பத்து நாள் பலகையில் எழுதிக் காட்டியே வகுப்பை ஓட்டினேன். மருத்துவர் தொண்டைக்குள் பார்த்துவிட்டு, விடுமுறையில் எவ்வளவு பேசினீர்கள் என்று கேட்டார். பேசவே இல்லை, நன்றாக ஓய்வு கொடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். அதுதான் காரணம் என்றார்.

பெண்களின் குரல்நாண்கள் சாதாரணப் பேச்சில் விநாடிக்கு ஏறத்தாழ 200 தடவை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. ஆண்களுக்கு 120 அளவில். ஒரு பாடவேளையில் குரல் எழும் நேரத்தை மட்டும் கூட்டி 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 2,40,000 மோதல்கள் ஆகின்றன. ஐந்து பாடவேளைக்குக் கணக்குவழக்கு சார் பெருக்கிச் சொல்லட்டும். வாரக்கணக்கில் வீட்டுப் பேச்சு மட்டுமே பேசிய தொண்டையை முதல் நாளே இந்த ஓட்டத்தில் இறக்கிவிட்டால், பயிற்சியில்லாமல் பந்தயத்தில் ஓடியவரின் கால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். போதாக்குறைக்கு வகுப்பின் இரைச்சல் இருக்கிறது. சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மையறியாமல் நம் குரலும் உயரும் என்பதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே சொல்லிவிட்டார். பிள்ளைகள் கத்துவதால் நாம் கத்துகிறோம், நாம் கத்துவதால் பிள்ளைகள் கத்துகிறார்கள்.

அதனால் இப்போது கடைசி வாரத்தில் நாள்தோறும் பத்து நிமிடம், எனக்குப் பிடித்த ஏதேனும் ஒரு நூலை, சுவரின் மறுகோடியில் ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொண்டு உரக்க வாசிக்கிறேன். அதற்கு முன் ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, உறிஞ்சுகுழல் வழியாக ம்ம் என்று குரல் கொடுத்துக் குமிழி விடுவேன். குழல் வழியாகக் குரல் எழுப்பும்போது வாய்ப்பக்கம் உருவாகும் எதிரழுத்தம், நாண்கள் பலமாக அறைந்துகொள்ளாமல் மெல்ல அதிர உதவுகிறது. குரலியல் அறிஞர் இங்கோ டிட்சே இந்தக் குழல் பயிற்சியைப் பரவலாக்கியவர்களுள் ஒருவர். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். என் மகன் குளத்தில் எருமை இறங்கியது போல் இருக்கிறது என்கிறான். ஆனால் சென்ற ஆண்டு குரல் போகவில்லை.

இன்னொரு செய்தி. குடிக்கும் தண்ணீர் குரல்நாணைத் தொடுவதே இல்லை; அது உணவுக்குழாய் வழியாகப் போகிறது, நாண் இருப்பதோ மூச்சுப் பாதையில். உடம்பு முழுவதும் ஈரம் ஏறிய பிறகே அதன் பங்கு நாணுக்குக் கிடைக்கும். தொண்டை கட்டிய பிறகு மடக்கென்று குடிப்பதைவிட நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதே பயன் தரும்.

வைகறை

குரலைப் போலவே உறக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்ப வேண்டும். விடுமுறையில் நள்ளிரவு தாண்டிப் படுத்து, வெயில் ஏறிய பிறகு எழுந்து பழகியிருப்போம். பள்ளி திறக்கும் முதல் நாள் இரவு மட்டும் ஒன்பது மணிக்குப் படுத்துக்கொண்டு, தூக்கம் வரவில்லையே என்று உத்தரத்தை எண்ணுவோம். இதில் நம் தவறு அதிகம் இல்லை. உடம்பின் கடிகாரமே சற்று மெதுவாக ஓடுவது. சார்ல்ஸ் செய்ஸ்லரும் குழுவினரும் 1999இல் அளந்தபோது மனித உடற்கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. தன்போக்கில் விட்டால் தினமும் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். அதனால்தான் நேரம் கழித்துப் படுப்பது எளிதாகவும், முன்கூட்டிப் படுப்பது கடினமாகவும் இருக்கிறது. முன்னால் இழுக்க வேண்டுமானால் காலை வெளிச்சம்தான் கயிறு.

நான் செய்வது இவ்வளவுதான். எழும் நேரத்தை நாளுக்கு 20 நிமிடம் முன்னால் நகர்த்துவேன். ஏழு நாளில் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் வந்துவிடும். எழுந்தவுடன் வெளியே போய் நிற்பேன். படுக்கும் நேரத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எழுவதைச் சரிசெய்தால் படுப்பது தானாக வழிக்கு வரும். மதியத் தூக்கத்தை மட்டும் அரை மணிக்குள் நிறுத்திக்கொள்வேன். கரும்பலகை அம்மாவுக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

முதல்வகுப்பு

ஐயா சொன்னபடி நேற்றுப் பள்ளிக்குப் போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். என் எழுத்து எறும்பு ஊர்வது போல் இருந்தது. அங்கே இருந்தபோது ஒரு மூத்த ஆசிரியை, என் வகுப்பு மாணவர்களின் சென்ற ஆண்டு மதிப்பெண் பட்டியலையும், யார் எப்படி என்று பெயர்வாரியாக எழுதி வைத்திருந்த குறிப்பையும் அன்போடு கொடுத்தார். இதை இப்போதே படிக்கலாமா?

மணியோசை

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கும்: குருட்டாம்போக்கில் பொறுக்கிய சில பிள்ளைகளை, இவர்கள் இந்த ஆண்டு மலரப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. நல்ல எதிர்பார்ப்புக்கே அந்த வலு என்றால், சோம்பேறி, பொய் பேசுவான் என்று எழுதிய குறிப்புக்கு என்ன வலு இருக்கும்?

பழைய மணி

அந்த ஆய்வின்மேல் வந்த மறுப்புகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேல்வகுப்புகளில் அந்த விளைவு தெளிவாக வரவில்லை, அளந்த முறையும் கண்டனத்துக்கு உள்ளானது. என் கருத்து நடுவில் நிற்கிறது. குறிப்பை மூடி வை. ஆனால் காது கேளாதவர், பார்வை மங்கியவர், வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர், வீட்டில் அண்மையில் இழப்பைக் கண்டவர் யார் என்பதை மட்டும் அந்த ஆசிரியையிடம் வாயால் கேட்டுத் தெரிந்துகொள். அதை முதல் நாளே தெரிந்துகொள்ளாமல் இருப்பது பெருந்தன்மை ஆகாது. கண்ணாடி போடாத அந்தச் சிறுவனைப் பற்றி எவரேனும் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவனைப் பின்வரிசையில் உட்கார வைத்திருக்க மாட்டேன். மதிப்பெண் பட்டியலை ஒரு மாதம் கழித்துப் பார். நீயாகக் கணித்து வைத்ததோடு அது ஒத்துப்போகாத இடங்கள்தான் சுவையானவை.

பெயர்களை மட்டும் இப்போதே படித்துக்கொள். முதல் வாரத்துக்குள் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியருக்குக் கிடைக்கும் மரியாதையை வேறு எதனாலும் வாங்க முடியாது.

கரும்பலகை

நான் தொடங்கிய இழையில் நான்கு நாளாக நானே எழுதவில்லை. நிதானமாக இருந்தேன் என்பதே விளக்கம்.

முதல் இரண்டு நாள், மணியோசை அவர்கள் சொன்னபடி பையை வேறு அறையில் வைத்தேன். உண்மையைச் சொன்னால் உதவவில்லை. கண்ணிலிருந்து போயிற்று, நினைவிலிருந்து போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு தாளை எடுத்து, தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்த அத்தனையையும் எழுதினேன். முப்பது வேலையாவது இருக்கும் என்று நினைத்தேன், பதினான்குதான் இருந்தது. அவற்றுள் ஐந்தை, பள்ளி திறந்து கால அட்டவணை கைக்கு வராமல் செய்யவே முடியாது. மூன்று, யாரும் கேட்காமல் நானே சுமந்துகொண்டவை. எஞ்சிய ஆறுக்கும் எதிரே நாளையும் மணியையும் குறித்தேன்: ஆறாம் நாள், முற்பகல் ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை. அவ்வளவுதான். அன்று மதியம் படித்த கதையில் நாற்பது பக்கம் ஓடியதே தெரியவில்லை.

இதற்கும் ஆய்வு இருக்கிறதாம். என் தங்கை உளவியல் படித்தவள், அவள்தான் சொன்னாள். முடிக்காத வேலை முடித்த வேலையைவிட நன்றாக நினைவில் நிற்கிறது என்று புளூமா சைகார்னிக் 1927இல் எழுதினார். மசிகம்போவும் பாவ்மைஸ்டரும் 2011இல் அதற்கு மேல் ஒரு படி போனார்கள்: வேலையை முடிக்க வேண்டிய தேவைகூட இல்லை, எப்போது எப்படிச் செய்வேன் என்று திட்டவட்டமாகத் தீர்மானித்துவிட்டாலே அது மனத்தைத் தொந்தரவு செய்வது அடங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். ஆக இத்தனை ஆண்டு என் கடைசி வாரத்தைக் கெடுத்தது வேலையும் இல்லை, சோம்பலும் இல்லை. எப்போது என்று எழுதாமல் விட்டதுதான் கெடுத்தது.

இன்று ஆறாம் நாள். ஒன்பதரைக்குப் பையைத் திறந்தேன். மை உலர்ந்த மார்க்கர் மூன்று, ஓரம் சுருண்ட வருகைத்தாள் ஒன்று, எங்கோ தேடிக் களைத்த என் மூக்குக்கண்ணாடி உறை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மாணவியின் செய்முறைக் குறிப்பேடு. கையெழுத்துக்காக என்னிடம் கொடுத்தது. விடுமுறை தொடங்கும் பரபரப்பில் திருப்பித் தரவில்லை. வெங்காயத் தோல் செல்லின் படத்தை, செல்சுவர்களை ஒவ்வொன்றாகப் பென்சிலைச் சீவிச் சீவி வரைந்திருக்கிறாள். அட்டையில் தன் பெயருக்குக் கீழே, தொலைத்தால் கண்டெடுப்பவர் கொடுத்துவிடவும் என்று எழுதியிருந்தாள். சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. பட்டியலில் பதினைந்தாவது வேலையாக அதைச் சேர்த்துக்கொண்டேன். பன்னிரண்டே காலுக்கே முடிந்துவிட்டது.

முதல் நாள் பாடமாக எதையும் எழுதவில்லை. அந்தப் படத்தை அவள் அனுமதியோடு புதிய வகுப்புக்குக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

கீழ்ச்சுதி

குமிழி விட்டீர்களா?

கரும்பலகை

விட்டேன். வீட்டில் எல்லாரும் வந்து பார்த்தார்கள்.

முதல்வகுப்பு

நான்காவது முறை எழுதிய பாடக்குறிப்பை இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். கிழிக்கவில்லை. 41 பெயர்களில் 26 மனப்பாடம் ஆகியிருக்கிறது. ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பதால் கணக்கைக் கூட்டிச் சொல்கிறேனோ என்னவோ. கனவு நேற்றும் வந்தது. ஆனால் இந்தத் தடவை கையில் சாக்பீஸ் இருந்தது.

கணக்குவழக்கு

கீழ்ச்சுதி அம்மாவுக்கு: ஐந்து பாடவேளைக்கு 12,00,000. மற்றவர்களுக்கு: பத்து வினாவில் ஆறு முடிந்தது. ஏழாவதை நாளைக் காலை எழுதலாம் என்று நாளும் மணியும் குறித்து மூடி வைத்துவிட்டேன். மாலையில் நடக்கப் போனேன். பாதி வழியில் எட்டாவது வினா தானாக வந்துவிட்டது. எழுதிக்கொள்ளக் கையில் தாள் இல்லை. வீடு திரும்புவதற்குள் மறந்தும் போயிற்று.

வைகறை

எபிங்காஸ் கணக்குப்படி நாளைக்குள் மூன்றில் ஒரு பங்கு திரும்பும் சார். தூங்குங்கள்.